நாய்தான், ஆனா சின்ன நாய்: டர்பனில் விற்கும் சுலு சொல் அட்டைப் பெட்டியை வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர நடுவில், பழைய கிரே வீதி என்றே இன்னும் பலர் சொல்லும் டாக்டர் யூசுஃப் டாடூ வீதியை ஒட்டிய எழுதுபொருள் கடைகளில் ஒரு சுலு–தமிழ் அட்டைப் பெட்டி விற்பனைக்கு இருக்கிறது. 132 அட்டைகள், கோர்க்க ஒரு கம்பி வளையம், நான்கு பக்கத் துணைத்தாள், ஒலிப்பதிவு கேட்க ஒரு கியூஆர் கட்டம். விலை 140 ராண்ட். பொதுவான சுலு பாடம் இல்லை இது. ஒரு சொல்லின் வாலில் எதைச் சேர்த்தால் பொருள் சிறிதாகும், எதைச் சேர்த்தால் பெரிதாகும், செல்லமாகும், இளக்காரமாகும் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கோயில் வேலைக்கும் கடை வேலைக்கும் வருகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது என்பது தமிழ் விளக்கங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒலி எப்படி மாறுகிறது என்று கற்றுக்கொடுக்கும் பகுதி அருமை. இந்த விலைக்கு அந்தப் பகுதி ஒன்றே போதும். சொல்லுகிறவர் மனநிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டிய பகுதியோ ஆபத்தான அளவுக்கு மெலிந்திருக்கிறது. நான்கு அட்டைகள் தப்பு. அவற்றைத் திருத்திக்கொண்டுதான் பெட்டியைக் கையில் எடுக்க வேண்டும்.

முதல் முப்பது அட்டைகள் எளிய வகை. சுலுவில் ஒரு பொருளைச் சிறிதாக்க, பெயரின் நுனியில் 'ஆனா' சேர்ப்பார்கள். நாய் 'இன்ஜா', சின்ன நாய் 'இன்ஜானா'. பாதை 'இன்ட்லேலா', ஒற்றையடிப் பாதை 'இன்ட்லேலானா'. நம் பேச்சுத் தமிழின் 'ஆனா' காதில் விழுவதால் தமிழருக்கு இது மறக்கவே மறக்காது. "நாய்தான், ஆனா..." என்று இழுத்தால் அடுத்து என்ன வரும்? சின்னது என்று வரலாம், பாவம் என்று வரலாம், ஒன்றுக்கும் உதவாதது என்றும் வரலாம். சுலு வாலும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறது. துணைத்தாள் இந்த ஒப்புமையைக் கவனிக்கவே இல்லை. தமிழில் விளக்கம் எழுதியவர்கள் இதை விட்டது பெரிய குறை.

உயிரெழுத்துக் கணக்கை அட்டைகள் சரியாகக் காட்டுகின்றன. சொல் ஆ, ஏ, ஈ ஒலியில் முடிந்தால் அந்த ஒலி விழுந்துவிடும்: குடியிருப்பு 'உமூஸி', சிறு குடியிருப்பு 'உமுஸானா'. ஓ, ஊ ஒலியில் முடிந்தால் அது 'வ்' ஆகி ஒட்டும்: வீடு 'இன்ட்லு', குட்டி வீடு 'இன்ட்ல்வானா', நாற்காலி 'இசிஹ்லாலோ', சின்ன நாற்காலி 'இசிஹ்லால்வானா'. இன்னும் சிறிதாக்க 'அன்யானா' உண்டு: 'இன்ஜன்யானா' என்றால் இத்துனூண்டு நாய். நாம் 'சின்னஞ்சிறு' என்று அடுக்குகிறோமே, அதுபோல.

இழுத்துச் சொல்லும் இடம் நகர்வதை ஒலிப்பதிவில் கேட்கலாம். சுலுவில் கடைசிக்கு முந்தைய அசை நீளும். 'இன்ஜா' சொல்லும்போது 'இ' நீளும். 'ஆனா' சேர்ந்ததும் நீட்சி அந்த 'ஆ'வுக்குப் போய்விடும், கடைசி உயிர் தேய்ந்து குறுகும். தமிழர்கள் முதல் அசையை அழுத்தும் பழக்கத்தில் 'ஈன்ஜனா' என்று சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. பதிவில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. நிதானமான குரல், பின்னணி இரைச்சல் இல்லை.

இனி, பெட்டியின் உயிரான பகுதி. 31 முதல் 84 வரையிலான அட்டைகளில் ஒவ்வொரு சொல்லின் மாறும் மெய்க்கு அடியில் ஒரு வண்ணக் கோடு இருக்கிறது. இதழால் ஒலிக்கும் மெய்களுக்குச் சிவப்பு, நாக்கு நுனி மெய்களுக்குப் பச்சை. அட்டையைத் திருப்பினால் அதே வண்ணத்தில் மாறிய மெய். இப்படிப் பார்க்கும்போது, மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் போல இருந்தது ஒரே விதியாகச் சுருங்குகிறது.

விதி இதுதான். இதழ் மெய்யை அடுத்து 'வ்' வருவது சுலுவுக்குப் பிடிக்காது. இரண்டும் இதழில் பிறப்பதால், மெய் பின்னுக்கு நகர்ந்து அண்ணத்தில் உட்கார்ந்துகொள்ளும். போர்வை அல்லது ஆடை 'இங்கூபோ'. 'ஆனா' சேர்ந்தால் 'இங்குட்ஷானா'. வாய் 'உம்லோமோ', சின்ன வாய் 'உம்லொன்யானா'. கயிறு 'இன்ட்டாம்போ', சிறு கயிறு 'இன்ட்டான்ஜானா'. சோளமாவு 'இம்பூபு', கொஞ்சம் மாவு 'இம்புஷானா'. அதாவது, ம் என்பது ன்ய் ஆகும்; ம்ப் என்பது ன்ஜ் ஆகும்; மூச்சுவிட்டுச் சொல்லும் ப் என்பது ஷ் ஆகும்.

துணைத்தாளின் மூன்றாம் பக்கம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இதே மாற்றம் வேறு இரண்டு இடங்களிலும் வரும் என்று பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறது. ஒன்று செயப்பாட்டு வினை: கட்டு என்பது 'போப்பா', கட்டப்படு 'போஷ்வா', கடி 'லூமா', கடிபடு 'லுன்ய்வா', பிடி 'பாம்பா', பிடிபடு 'பான்ஜ்வா'. இன்னொன்று இடப்பெயர், அதாவது நம் 'இல்' உருபுபோல இடத்தைக் காட்டும் வடிவம்: வாய்க்குள் என்றால் 'எம்லொன்யேனி', போர்வையில் என்றால் 'எங்குட்ஷேனி'. ஒன்றைக் கற்றால் மூன்று கை வரும். ஆனால் ஒரு நுணுக்கத்தைத் தாள் சொல்லவில்லை. இடப்பெயரில் சொல் ஓ, ஊ ஒலியில் முடிந்தால்தான் மெய் மாறும். மலை 'இன்ட்டாபா', மலையில் 'என்ட்டபேனி', இங்கே மாற்றம் கிடையாது. சிறிதாக்கும்போதோ கடைசி உயிர் எதுவானாலும் மெய் மாறிவிடும்: குன்று 'இன்ட்டாட்ஷானா'. முதல் விதியை மட்டும் படித்தவர் இங்கே 'இன்ட்டபானா' என்று சொல்லித் திணறுவார். 52ஆம் அட்டையின் ஓரத்தில் இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் கோட்டு அட்டைகள், அதாவது நாக்கு நுனி மெய்கள், அன்றாடப் பேச்சுக்கு இன்னும் கூடுதலாக உதவுபவை. நேரம் 'இசிகாத்தி', சற்று நேரம் 'இசிகஷானா'. பறவை 'இன்யோனி', சிட்டு போன்ற சிறு பறவை 'இன்யொன்யானா'. ஆறு 'உம்ஃபூலா', ஓடை 'உம்ஃபுட்லானா'. பணம் 'இமாலி', கொஞ்சம் காசு 'இமாட்லானா'. கடைசி இரண்டிலும் 'ல' மாறி வரும் ஒலியைத் தமிழில் 'ட்ல' என்று எழுத வேண்டியிருந்தாலும், அது ட் என்று தொடங்கி ல் என்று முடிவதில்லை. நாக்கை 'ல'வுக்கு வைத்தபடியே இரு ஓரமும் காற்று உரசிப் போக, தொண்டை அதிரச் சொல்ல வேண்டும். நம் 'ழ'வும் இதற்கு உதவாது. நாக்கை வளைத்தால் வேறு ஒலியாகிவிடும்.

புத்தகம் 'இன்ச்வாடி', சிறு நூல் 'இன்ச்வாஜானா' என்ற அட்டையில் இருக்கும் 'ச்' நாம் உச்சுக்கொட்டும் ஒலி. யாருக்காவது இரங்கி நாக்கைப் பல்லில் ஒட்டி இழுத்துச் 'ச்சு' என்கிறோமே, அதே ஒலிதான். சுலு அதை மெய்யெழுத்தாகவே வைத்திருக்கிறது. சிறிய என்பதற்கான சுலு சொல்லிலும் அதே ஒலி இருக்கிறது. தமிழர்களுக்கு இந்த ஒலி வராது என்று பயப்படத் தேவையில்லை. துக்கத்துக்கு மட்டும் வைத்திருந்த ஒலியைச் சொல்லுக்குள் கொண்டுவரப் பழகினால் போதும்.

சிவப்புக் கோட்டுப் பகுதியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன, ஷ் ஆகும் 'ப' போக, தொண்டை அதிரச் சொல்லும் 'ப' சுலுவில் இரண்டு உண்டு. ஒன்று காற்றை லேசாக உள்ளே இழுத்துச் சொல்வது. மற்றது கனமாக, மூச்சோடு சொல்வது. சுலு எழுத்தில் இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒரு எழுத்து கூடுதலாக வரும். மாறும்போது இரண்டும் வெவ்வேறு வழியில் போகும். முதல் வகை 'ட்ஷ்' ஆகும்: இங்கூபோ, இங்குட்ஷானா. இரண்டாவது வகை 'ஜ்' ஆகும்: சுரைக்குடுக்கை முரசு 'இசிகூபு', சிறியது 'இசிகுஜானா'. 47ஆம் அட்டையில் அந்தக் கூடுதல் எழுத்து அச்சில் விட்டுப்போயிருக்கிறது. அதைப் பார்த்து விதிப்படி போகிறவர் 'இசிகுட்ஷானா' என்ற, யாருமே சொல்லாத ஒரு சொல்லை உருவாக்கிவிடுவார். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால், அச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க நமக்குக் காதும் கை கொடுக்காது.

இன்னொரு விஷயம் நமக்கு வசதியானது. அளவை வாலில் வைப்பதால் சொல்லின் தலை மாறுவதில்லை. ஷோனா போன்ற அக்கம்பக்கத்து மொழிகளில் சொல்லின் முன்னொட்டையே மாற்றிச் சிறிதாக்குவார்கள். அப்போது அதோடு ஒத்துப்போகும் சொற்களும் மாற வேண்டியிருக்கும். சுலுவில் பன்மை தலையில், அளவு வாலில். நாய்கள் 'இஸின்ஜா', குட்டி நாய்கள் 'இஸின்ஜானா'. முழு வாக்கியத்தையும் திருத்த வேண்டியதில்லை. இந்த 'ஆனா' பழங்காலத்தில் குழந்தை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. மனிதன் 'உமூன்ட்டு', குழந்தை 'உம்ன்ட்வானா' என்பதில் அந்த உறவு இன்னும் தெரிகிறது. நம் பக்கமும் அப்படித்தான்: குட்டி, கன்று, பிள்ளை என்ற இளமைப் பெயர்களே வேறு பொருளுக்குத் தாவுகின்றன. தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஒன்பது இளமைப் பெயர்களில் குட்டியும் கன்றும் பிள்ளையும் உண்டு. தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, குட்டிக் கதை என்று அவற்றை நாம் எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறோம்! தமிழருக்கு இந்த வழியில் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

இனி, வருத்தமான பகுதி.

85 முதல் 100 வரையிலான பதினாறு அட்டைகளுக்கு 'உணர்ச்சி' என்று தலைப்பு. பின்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்: 'குட்டி' அல்லது 'செல்ல'. இது தவறு மட்டுமல்ல, வாங்கியவரை மாட்டிவிடக்கூடியது. 88ஆம் அட்டையைப் பாருங்கள். மனைவி அல்லது மணமான பெண் 'உம்ஃபாஸி'. அந்தச் சொல்லே நேராக ஒரு பெண்ணை அழைக்கும்போது கரடுமுரடானது. அதன் சிறுமை 'உம்ஃபஸானா' என்பதை அட்டை 'குட்டிப் பெண்' என்கிறது. இல்லவே இல்லை. யாரோ ஒரு பொம்பளை, ஒரு பொருட்டில்லாதவள் என்ற ஏளனம் அதில் இருக்கிறது. கடைக்கு வருகிற வாடிக்கையாளரைச் செல்லமாகச் சொல்வதாக நினைத்து இதைச் சொன்னால் அந்த உறவு அன்றோடு முடிந்தது.

அதேபோல் இன்டோடா (ஆண், மனிதர்) என்பதிலிருந்து 'இன்டொஜெயானா' உண்டு. அது உயரத்தைச் சொல்லும் சொல் இல்லை. அற்பப் பயல் என்பதற்கு நெருக்கம். 'உம்ஃபொகஸானா' என்பது ஊர் பேர் தெரியாத, எந்த மதிப்பும் இல்லாத ஆள். ஒருவர் தன்னையே தாழ்த்திச் சொல்லவும் பயன்படுத்துவார். நாம் 'அடியேன்' என்பதற்கும் 'அந்த ஆளு' என்பதற்கும் நடுவில் எங்கோ அது நிற்கிறது. யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதே பொருளைத் தீர்மானிக்கும். வாத்தியார் என்பதை 'வாத்தி' என்று சுருக்கினால் தமிழில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மரியாதையை விகுதியில் வைக்கும் மொழிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமே இல்லை. அட்டை முயலவே இல்லை என்பதுதான் ஆதங்கம்.

நடைமுறைக்கு ஒரு வழி சொல்கிறோம். 'ஆனா' சேர்ந்த சொற்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். பொருட்களும் இடங்களும் ஒரு குவியல்: குன்று, ஓடை, கயிறு, வீடு. இவற்றில் தாராளமாகப் பழகலாம். எண்ண முடியாதவை இரண்டாவது குவியல்: தண்ணீர், மாவு, பணம், நேரம். இங்கே சிறுமை என்பது அளவைக் குறைக்கும், கேட்கும் தொனியையும் மென்மையாக்கும். தண்ணீர் 'அமான்ஸி', 'அமன்ஸானா' என்று கேட்டால் 'கொஞ்சூண்டு தண்ணி' என்று கேட்பதுபோல, எதிராளிக்குச் சிரமம் கொடுக்க விரும்பாத பணிவு தெரியும். 'இசிகஷானா' என்றால் 'செத்த நேரம்'. நாட்கள் 'இஸின்சுகு', 'இஸின்சுக்வானா' என்றால் ஒரு சில நாட்கள். மனிதர்களைக் குறிப்பவை மூன்றாவது குவியல். அதை ஓரமாகக் கட்டி வைத்துவிடுங்கள். சுலு பேசுகிறவர் வாயிலிருந்து, அவர் முகத்தோடு சேர்த்து, பலமுறை கேட்டபிறகு அந்தக் கட்டைப் பிரித்தால் போதும்.

அந்த மூன்றாவது குவியலில் அளவும் இல்லாமல் மனநிலையும் இல்லாமல், தனிச்சொல்லாகவே உறைந்துபோனவை சில இருக்கின்றன. 'இன்டொடானா' என்றால் சின்ன மனிதன் என்று 91ஆம் அட்டை சொல்கிறது. அது மகன். மகள் 'இன்டொடகாஸி'. ஒருவர் தன் மகனை அறிமுகப்படுத்தும்போது கேட்கிற சொல் இது. அதைக் குள்ளன் என்று புரிந்துகொள்ளும் அவலத்துக்கு ஒரு அட்டை இட்டுச்செல்லலாமா? கன்றுக்குட்டி 'இங்கொன்யானே', சிறுமி 'இன்ட்டொம்பஸானே' என்பவையும் இப்படி உறைந்தவை. வாலில் 'ஆனே' என்று வருவதை வைத்து அடையாளம் காணலாம். அரசர் அல்லது குலத்தலைவர் 'இன்கோசி'. அதிலிருந்து கிளைத்த மூன்றையும் ஒன்றாகப் படித்தால் வால்களின் வேலை தெளிவாகும்: 'இன்கொசானா' இளவரசர், வாரிசு, 'இன்கொசஸானா' இளவரசி, மணமாகாத பெண்ணுக்கு மரியாதைச் சொல்லும் அதுவே, 'இன்கொசிகாஸி' தலைவரின் மனைவி, இன்று திருமதி. இந்த மூன்றும் பெட்டியில் மூன்று வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. எடுத்து ஒரே வளையத்தில் கோர்த்துவிடுங்கள்.

101 முதல் 122 வரை 'காஸி' வால். பெண் என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. இன்று இரண்டு வேலை செய்கிறது. ஒன்று பெண்பால்: பெட்டைக் கோழி 'இசிகுகுகாஸி', பெண் யானை 'இன்ட்லொவுகாஸி', பின்னது அரசிக்கும் பட்டம். பசு 'இங்கொமாஸி' என்பதில் அது சுருங்கி 'ஆஸி' ஆகியிருக்கிறது. டர்பனுக்குத் தெற்கே கடலில் கலக்கும் 'உம்கொமாஸி' ஆற்றின் பெயரைப் பெண் திமிங்கலங்களோடு இணைத்துச் சொல்லும் விளக்கம் பரவலாக உண்டு. அதிலும் இதே வால்தான்.

இன்னொரு வேலை, பிரம்மாண்டம். நாடு 'இஸ்வே', கண்டம் 'இஸ்வேகாஸி'. கடல் 'உல்வான்ட்லே', பெருங்கடல் 'உல்வன்ட்லேகாஸி'. 104ஆம் அட்டை இதைப் 'பெண் கடல்' என்று மொழிபெயர்த்திருக்கிறது! டர்பனில் இருந்துகொண்டு, கண்ணெதிரே இந்தியப் பெருங்கடலை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிழை வரக்கூடாது. நாம் 'பெரு', 'மா', 'பேய்' என்று முன்னால் வைத்துப் பெருங்கடல், மாநகரம், பேய்மழை என்று பெரிதாக்குகிறோம். சுலு வாலில் வைக்கிறது. எப்போது பெண், எப்போது பெரிது என்று குழம்ப வேண்டாம். ஆண் பெண் உள்ள உயிரினம் என்றால் பெரும்பாலும் பெண்பால், உயிரில்லாதது என்றால் பெரிது.

உறவுமுறை அட்டைகள் ஆறுதான் இருக்கின்றன; அறுபது இருந்திருக்கலாம். தமிழருக்கு இதைவிட இனிமையான பாடம் கிடையாது. அம்மாவின் தம்பி, அண்ணன் 'உமலூமே', நம் மாமா. அவர் மனைவி 'உமலுமேகாஸி', மாமி. அப்பாவின் சகோதரி 'உபபேகாஸி': அப்பா என்ற சொல்லின் வாலில் 'காஸி' சேர்த்தது, நம் அத்தை. அம்மாவின் தங்கை 'உமாமே ஓம்ன்சானே', சொல்லுக்குச் சொல் சின்னம்மா! அப்பாவின் தம்பி 'உபாபா ஓம்ன்சானே', சித்தப்பா. அவர் அண்ணன் 'உபாபா ஓம்கூலு', பெரியப்பா. இங்கே கவனிக்க வேண்டியது, சின்னம்மாவைச் சொல்ல 'ஆனா' வரவில்லை. சிறிய என்ற தனிச்சொல் வந்திருக்கிறது. மதிப்புக்குரியவர்களை வயதால் சின்னவர் என்று சொல்ல ஒரு வழி, பொருளைச் சிறிதாக்க வேறு வழி என்று மொழி பிரித்துவைத்திருக்கிறது. நாமும் 'சின்னம்மா' என்போம், 'குட்டியம்மா' என்று சித்தியைச் சொல்ல மாட்டோம். மனிதரைச் சொல்லும்போது 'ஆனா'வில் ஏன் கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. பெட்டி இரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வைத்திருக்கிறது.

கடைசிப் பத்து அட்டைகள் பெயரல்லாத சொற்கள். நிறங்கள் பயனுள்ளவை: சிவப்பு 'போம்வு', சிவந்தாற்போல் 'போம்வானா'; வெள்ளை 'ம்ஹ்லோப்பே', வெளிறிய 'ம்ஹ்லோஷானா'. இதழ் மெய் விதி நிறத்திலும் வேலை செய்வதைப் பாருங்கள். துணிக்கடையில் இருப்பவர்கள் இந்த இரண்டை முதலில் எடுக்கலாம். வினைகளில் இரட்டிப்பது குறைக்கும்: நட 'ஹாம்பா', 'ஹம்பஹாம்பா' என்றால் சும்மா கொஞ்சம் அங்குமிங்கும் நடப்பது. தமிழில் 'நடந்து நடந்து' என்றால் மிகுதி. சுலுவில் அதற்கு நேர்மாறாக லேசு. அழுத்திச் செய்வதற்குத் தனி வால் இருக்கிறது: பார் 'பூகா', உற்றுப் பார் 'புகிசீசா'.

பெட்டியின் செய்நேர்த்தி சுமார். அட்டை 300 கிராம் தாளின் தடிமன் இருக்கலாம், வளைவதில்லை. பளபளப்புப் பூச்சு போட்டதால் குழல்விளக்கின் கீழ் கோட்டு வண்ணம் தெரியாமல் கண் கூசுகிறது, பென்சிலும் பிடிக்காது. மேலே சொன்ன திருத்தங்களை எழுத மெல்லிய நிரந்தர மைப் பேனா வேண்டும். வளையத் துளை விளிம்புக்கு மிக அருகில் இருக்கிறது. அடிக்கடி புரட்டினால் கிழியும். துளையைச் சுற்றி முதல் நாளே ஒட்டுநாடா ஒட்டிவிடுவது நல்லது. டர்பன் கோடைப் புழுக்கத்தில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் ஒரு சிலிக்கா பை போட்டு வையுங்கள்.

பயன்படுத்தும் வரிசை பற்றித் துணைத்தாள் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. ஒன்று முதல் 132 வரை நேராகப் போகச் சொல்கிறது. அப்படிப் போனால் மூன்றாவது வாரத்தில் 'உணர்ச்சி' அட்டைகளுக்கு வந்துவிடுவீர்கள். அதற்குள் காது பழகியிருக்காது. முதல் வாரம் எளிய முப்பது, நாளைக்கு ஆறு வீதம். இரண்டாவது, மூன்றாவது வாரம் சிவப்பும் பச்சையும்; ஒவ்வொரு அட்டையையும் அதன் செயப்பாட்டு வினை அல்லது இடப்பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். நான்காவது வாரம் 'காஸி'யும் உறவுமுறையும். 'உணர்ச்சி' அட்டைகள் கடைசியில், சுலு பேசும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும். "இதை யார் யாரிடம் சொல்வார்கள்?" என்று அவரைக் கேட்பதே பாடம்.

பரம்பரையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஃபனகாலோ பழக்கம் உள்ள பெரியவர்கள் இருப்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கிய ஒப்பந்தக் கூலி வாழ்வில், கரும்புத் தோட்டத்திலும் கடையிலும் ஒட்டிக்கொண்ட கலப்புப் பேச்சு அது. அதில் இப்படிச் சிறிதாக்கும் வால் கிடையாது. சிறிய எதற்கும் 'பிக்கனின்' என்ற ஒரே சொல்லை முன்னால் வைத்துவிடுவார்கள். இன்று அதைக் குழந்தையைப் பார்த்துச் சொன்னால் இழிசொல். நாட்டில் நாலில் ஒருவர் வீட்டில் பேசும் மொழி சுலு. 2022 கணக்கெடுப்பில் 24.4 விழுக்காடு. எஜமானக் குரல் ஒட்டிய பழைய பேச்சைக் கழற்றிவைக்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பெட்டியின் முதல் 84 அட்டைகள் நல்ல தொடக்கம்.

ஏற்கெனவே சுலு சரளமாகப் பேசுகிறவர்களுக்கு இது தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கினால் 85 முதல் 100 வரை உருவி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

வாங்கியதும் திருத்த வேண்டியவை: 47இல் முரசுச் சொல்லில் விட்டுப்போன எழுத்தைச் சேர்க்கவும், 88இல் 'குட்டிப் பெண்' அடித்து 'ஏளனம், சொல்லாதே' என்று எழுதவும், 91இல் 'மகன்', 104இல் 'பெருங்கடல்'.